சாங்-இ தியாகியா, திருடியா? நிலவுக்குப் போன சீனப் பெண்ணின் கதை

கேள்வி: சிங்கப்பூரில் வசிக்கிறோம். மூன்கேக் திருவிழாவுக்காக மகளுக்குப் பள்ளியில் சொல்லித்தந்த கதையில், கணவனின் சாவா மருந்து கெட்டவன் கையில் சிக்கிவிடக் கூடாதே என்று சாங்-இ அதை விழுங்கிவிடுகிறாள். வேறு இடங்களில் படித்தால் அவளே திருடி என்கிறார்கள். எது பழைய கதை? திருடி என்றால் சீனா ஏன் தன் நிலவுக்கலங்களுக்கு அவள் பெயரை வைத்தது?

பதில்:

பழைய கதையில் அவள் திருடிதான். பள்ளியில் சொன்னது மிகவும் பிற்காலத்தது. ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி பதில்தான் ஆகும். பழைய ஏடுகளில் அவள் திருடினாள் என்ற செய்தி மட்டுமே இருக்கிறது, ஏன் திருடினாள் என்று ஓர் எழுத்துகூட இல்லை. அந்த ‘ஏன்’ காலியாக விடப்பட்டதால்தான் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒவ்வொரு காலமும் தனக்கேற்ற காரணத்தை அதில் எழுதிக்கொண்டே வருகிறது. சாங்-இயின் வரலாறு என்பது பெரும்பாலும் இந்தக் காரணங்களின் வரலாறுதான்.

முதலில் கதையின் அடிப்படை. கிழக்குக் கடலுக்கு அப்பால் ஃபூசாங் என்ற மாபெரும் மரம். அதில் பத்துச் சூரியன்கள் தங்கியிருந்தன. அவற்றின் தாய் சீஹ, தந்தை தி ஜுன் என்ற தேவன். நாளுக்கு ஒரு சூரியன் என்று முறைவைத்து வானத்தில் ஏறிவந்தவை ஒருநாள் பத்தும் சேர்ந்து கிளம்பிவிட்டன. பயிர் கருகியது, உயிர்கள் தவித்தன. ஹோ யி என்ற வில்லாளி ஒன்பதை எய்து வீழ்த்தினான். அந்த ஹோ யி, மேற்கே குன்லுன் மலையில் வாழும் சீ வாங் மு என்ற அன்னைத் தெய்வத்திடம் சாவா மருந்தைக் கேட்டுப் பெற்றான். சாங்-இ அதை எடுத்து உண்டு நிலவுக்குப் பறந்துபோனாள்.

இந்தச் செய்தி கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் ஒன்று குறி பார்க்கும் நூல். ஹூபெய் மாநிலத்தில் வாங்ஜியாதாய் என்ற இடத்தில் 1993இல் சின் காலக் (கி.மு. மூன்றாம் நூற்றாண்டு) கல்லறையொன்றைத் தோண்டியபோது மூங்கில் சுவடிகள் கிடைத்தன. சிதைந்த அந்த ஏடுகளில், சாவாமை தரும் பொருளை அவள் திருடியதும் நிலவுக்கு ஓடியதும் துண்டு துண்டாக எழுதப்பட்டிருக்கின்றன. புறப்படுவதற்கு முன் அவள் குறி பார்த்ததாகவும் அதில் வருகிறது.

அடுத்தது ஹுவாய்நான் சிற்றரசன் லியூ ஆனின் அவையில் அறிஞர்கள் கூடித் தொகுத்து, கி.மு. 139இல் ஹான் பேரரசர் வூவிடம் அளித்த நூல். எல்லோரும் மேற்கோள் காட்டும் வரி அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பத்தியை முழுதாகப் படித்தால் சாங்-இயின் மேல் யாருக்கும் கோபமில்லை என்பது தெரியும். பேச்சு முழுவதும் ஹோ யியைப் பற்றியது. மருந்து பறிபோனதும் அவன் மனமுடைந்து நின்றான், மீண்டும் பெற வழியில்லை. ஏன்? அந்த மருந்து எதிலிருந்து உண்டாகிறது என்றே அவனுக்குத் தெரியாது. அதனால் அடுத்தவரிடம் நெருப்பு கேட்பதைவிடத் தீக்கடைகோலைக் கையில் வைத்திருப்பது மேல், அண்டை வீட்டுக் கிணற்றில் நீர் இறைப்பதைவிடச் சொந்தமாகக் கிணறு வெட்டுவது மேல் என்று அந்தப் பத்தி முடிகிறது. கேட்டு வாங்கிய அறிவு நிலைக்காது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டாகத்தான் அவள் வந்துபோகிறாள். அவள் ஹோ யியின் மனைவி என்றுகூட அந்த வரி சொல்லவில்லை. அதைச் சொல்வது ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பிறகு கவ் யூ என்ற உரையாசிரியர் எழுதிய குறிப்பு. கணவனுக்குத் துரோகம் செய்தவள் என்ற பழி முழுக்க இந்த மனைவி உறவின் மேல்தான் நிற்கிறது. அந்த உறவு நமக்கு ஓர் உரைக்குறிப்பின் வழியாக வந்துசேர்ந்தது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சாங் ஹெங் இந்தக் கதையை விரிவாக எழுதுகிறார். அவர் கதைசொல்லி அல்லர், வானியலாளர். நிலநடுக்கத்தைக் காட்டும் கருவியை 132ஆம் ஆண்டில் செய்து அளித்தவர். நிலவுக்குச் சொந்த ஒளி கிடையாது, சூரிய ஒளியைத்தான் காட்டுகிறது என்று விளக்கிய அதே நூலோடு சேர்த்துத்தான் இந்தக் கதையும் வழங்குகிறது. அதில் புறப்படும் முன் சாங்-இ, யூ ஹுவாங் என்ற குறிசொல்பவரிடம் போகிறாள். நல்ல குறி வருகிறது: தனியாக மேற்கு நோக்கிப் போவாய், வானம் இருண்டு வரும், அஞ்சாதே, கலங்காதே, பின்னால் பெருவாழ்வு உண்டு. அதை நம்பிப் போகிறாள். நிலவை அடைந்து தேரையாகிறாள்.

பலரும் இதைத் தண்டனை என்று படிக்கிறார்கள். நான் அப்படிப் படிப்பதில்லை. ஹான் காலத்தவருக்குத் தேரை அருவருப்பான பிராணியாக மட்டும் தெரியவில்லை. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து மீண்டும் எழுந்து வருவது, தோல் உரிப்பது, தேய்ந்து வளரும் நிலவைப் போல மறுபடி மறுபடி புதிதாவது. ஹான் காலச் சிற்பங்களில் சீ வாங் மு அன்னையின் பக்கத்திலேயே தேரையும் மருந்து இடிக்கும் முயலும் இருக்கின்றன. சாவாமையின் பரிவாரம் அது. குறிசொன்னவர் சொன்ன பெருவாழ்வு பலித்தது என்றே அன்றைய வாசகர் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

இதற்குக் கண்ணால் காணும் சான்றும் உண்டு. 1972இல் ஹூனான் மாநிலம் சாங்ஷா நகருக்கு அருகே மவாங்துய் என்ற இடத்தில் ஒரு பிரபுவின் மனைவியின் கல்லறையைத் திறந்தார்கள். சின் சூய் என்ற அந்தப் பெண்ணின் உடல் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகியும் கெடாமல் இருந்ததால் உலகமே பேசியது. சவப்பெட்டியின் மேல் ‘டி’ வடிவப் பட்டுத்திரை ஒன்று விரித்திருந்தது. அதன் உச்சியில் ஒருபுறம் சிவந்த சூரியனும் அதற்குள் காகமும், மறுபுறம் பிறைநிலவும் அதன்மேல் தேரையும் முயலும். பிறைக்குக் கீழே அதை எட்டுவதுபோல் ஒரு பெண் உயர்ந்து செல்கிறாள். அவள் சாங்-இ என்று சில ஆய்வாளர்களும், இறந்த பெண்ணின் உயிர் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள். இறந்தவளை வழியனுப்பும் திரையில் நிலவுக்குப் போவது நல்ல கதியாகவே வரையப்பட்டிருக்கிறது.

தாங் காலத்துக்கு (கி.பி. 7 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை) வந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. தேரை அவளிடமிருந்து பிரிந்து தனிப் பிராணியாகிறது. அவள் அழகியாகிறாள். நிலவில் அவளுக்குப் ‘பரந்த குளிர் மாளிகை’ என்று பெயர்கொண்ட அரண்மனை வந்துவிடுகிறது. அண்டை வீட்டுக்காரனாக வூ காங் வருகிறான். தவறு செய்த தண்டனையாக, ஐந்நூறு ஜாங் (சீன நீள அளவு) உயரமுள்ள குய் என்னும் நறுமணப் பூமரத்தை வெட்டிக்கொண்டே இருப்பான், வெட்டிய இடம் உடனுக்குடன் கூடிவிடும். தாங் காலத்து வெண்கலக் கண்ணாடிகளின் பின்புறம் சாங்-இ, முயல், தேரை, மரம் என்று நிலவுலகமே வார்க்கப்பட்டிருக்கிறது. பெண்கள் முகம் பார்க்கும் கண்ணாடி வட்டமாக இருந்தது, அதை நிலவாக்கிவிட்டார்கள்.

அந்தக் காலத்துக் கவிஞர்கள்தான் அவளுக்கு முதன்முதலாக ஒரு மனத்தைக் கொடுத்தார்கள். முயல் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும் மருந்து இடித்துக்கொண்டே இருக்கிறது, தனித்திருக்கும் சாங்-இக்கு அக்கம்பக்கம் யார் என்று லி பய் கேட்டார். நூறு ஆண்டுகள் கழித்து லி ஷாங்யின் நான்கே வரியில் எழுதிய கவிதையை இன்றும் சீனப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அறையில் மெழுகுவர்த்தி நிழல், வெளியே வானாறு (பால்வீதி) சரிந்து விடிவெள்ளி மறையும் நேரம். மருந்தைத் திருடியதற்கு அவள் வருந்தியிருப்பாள், நீலக்கடலுக்கும் நீலவானுக்கும் நடுவே இரவுதோறும் அதே மனம் என்று முடிக்கிறார். சாங்-இ வருந்தினாள் என்ற எண்ணம் சீன மனத்தில் ஆழப் பதிந்தது இந்தக் கவிதையால். எனக்கு இந்தக் கவிதை மிகவும் பிடிக்கும். ஆனாலும் கவிஞர் சொல்வது ஓர் ஊகம், அவரும் ‘வருந்தியிருப்பாள்’ என்றுதான் சொல்கிறார். அவள் வாய்திறந்து எங்கும் வருந்தவில்லை. உலகை விட்டு மலைமடங்களில் துறவு பூண்ட தாவோயிசப் பெண்களை நினைத்து எழுதினார், தன் தனிமையையே எழுதினார் என்று பல விளக்கங்கள் இருக்கின்றன.

1076ஆம் ஆண்டு இலையுதிர் கால முழுநிலவு இரவில், பல ஆண்டுகளாகப் பார்க்காத தம்பியை நினைத்து சோங் காலக் கவிஞர் சூ ஷி எழுதிய பாடலும் இந்த மரபில் வருகிறது. காற்றிலேறி அங்கே போய்விட ஆசை, ஆனால் அந்த மணிமாடங்களின் உயரத்தில் குளிரைத் தாங்க முடியாதே என்று தயங்குகிறார். அந்தக் குளிர் சாங்-இயின் மாளிகைக் குளிர்தான். கடைசியில் ஆயிரம் காதம் பிரிந்திருந்தாலும் ஒரே நிலவழகைப் பகிர்வோம் என்று தம்பியை வாழ்த்துகிறார். பிரிந்தவர்களைச் சேர்க்கும் நிலவாக அவள் மாறியது இப்படித்தான்.

இனி திருவிழா. சீன நாட்காட்டியின் எட்டாம் மாதம் பதினைந்தாம் நாள் கொண்டாட்டம் சாங்-இக்காகத் தொடங்கியது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அப்படியில்லை. நிலவுக்கு வழிபாடு, அறுவடை, முழுநிலவு பார்த்தல் எல்லாம் தனித்தனியாக இருந்தன. தாங் காலத்தில் நிலவு பார்ப்பது மேல்தட்டு மக்களின் வழக்கமாகி, சோங் காலத்தில் ஊரே கூடும் திருவிழாவானது. சாங்-இ அதில் வந்து சேர்ந்துகொண்டாள். சோங் காலப் பதிவொன்று அன்றிரவு பிள்ளைகள் வேண்டிக்கொண்டதைச் சொல்கிறது. பையன்கள் ‘தேரை மாளிகையில் சீக்கிரம் கால்வைத்துக் குய் மரக்கிளையை ஒடிக்க வேண்டும்’ என்பார்கள். அரசுத் தேர்வில் வெல்ல வேண்டும் என்று பொருள். பெண்பிள்ளைகள் சாங்-இயைப் போல முகமும் முழுநிலவைப் போல நிறைவும் கேட்பார்கள். கணவனின் மருந்தைத் திருடியவள் என்ற நினைப்பு அந்த வேண்டுதலில் யாருக்கும் தடையாக இருக்கவில்லை.

வழிபாடு என்று வந்தால் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பெய்ஜிங்கில் 1530இல் மிங் பேரரசர் ஜியாஜிங் காலத்தில் நிலவுப் பீடம் கட்டினார்கள். இலையுதிர் காலச் சமஇரவு நாளில் அங்கே அரச வழிபாடு நடந்தது. அங்கே வணங்கப்பட்ட தெய்வத்தின் பெயர் ‘இரவொளி’. தாவோயிசக் கோயில்களில் ‘தாயின்’ என்ற நிலவுத் தெய்வம். அரச வழிபாட்டில் சாங்-இக்கு இடமில்லை. அவள் வாழ்ந்தது வீட்டு முற்றங்களில். நிலவை ஆண்கள் வணங்குவதில்லை, அடுப்புத் தெய்வத்தைப் பெண்கள் வணங்குவதில்லை என்று வடசீனத்தில் ஒரு சொலவடை. பெண்கள் நிலவைப் பார்த்தபடி மேசை போட்டு, வட்டமான பழங்களும் மூன்கேக்கும் தாமரை இதழ்போல் வெட்டிய தர்பூசணியும் முயலுக்குப் பச்சைச் சோயாக் காய்களும் வைப்பார்கள். பெய்ஜிங்கில் களிமண் முயல் பொம்மைகளுக்குத் தனிச் சந்தையே உண்டு. மங்கோலியரை எதிர்த்து மூன்கேக்குக்குள் சீட்டு வைத்துக் கலகம் செய்தார்கள் என்று ஒரு கதை கேட்டிருப்பீர்கள். அது கதை மட்டுமே, அக்காலச் சான்று இல்லை. 2008 முதல் இந்த நாள் சீனாவில் அரசு விடுமுறை.

உங்கள் மகள் கேட்ட கதைக்கு வருகிறேன். அதில் வரும் கெட்டவன் ஃபெங் மெங், ஹோ யியின் மாணவன். மாணவன் ஆசானைக் கொன்றது கன்பூசிய அறிஞர் மென்சியஸின் நூலிலேயே இருக்கும் பழைய செய்தி. ஆனால் அங்கே சாங்-இயும் இல்லை, மருந்தும் இல்லை. இரண்டு பழைய நூல்களைப் பிற்காலத்தில் ஒட்டி, ஆசான் வேட்டைக்குப் போன நேரத்தில் மாணவன் வாளோடு மருந்தைப் பறிக்க வந்தான், அவள் வேறு வழியின்றி விழுங்கினாள் என்று ஆக்கினார்கள். கணவன் ஏக்கத்தோடு அவளுக்குப் பிடித்த பழங்களை நிலவை நோக்கிப் படைத்தான், அதுவே திருவிழா என்று ஒரு வாலும் சேர்ந்தது. இன்னொரு வடிவில் ஹோ யி கொடுங்கோல் அரசனாகிவிடுகிறான், அவன் சாகாமல் இருந்தால் மக்கள் கதி என்ன ஆகும் என்று அவள் உண்டுவிடுகிறாள். சியா வம்ச அரசைப் பறித்ததாகப் பழைய வரலாற்றில் வரும் வேறொரு ஹோ யியின் நிழல் இதில் விழுந்திருக்கிறது.

இந்த வடிவங்களைக் குறைசொல்ல மாட்டேன். குடும்பத் திருவிழாவில் மனைவி கணவனை விட்டு ஓடிப்போன கதையைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் எல்லா வடிவத்திலும் அவள் செயலுக்கு அடுத்தவர் நன்மையே காரணமாகிவிடுகிறது. பழைய ஏட்டுப் பெண் யாரையும் கேட்காமல் குறி பார்த்து, இருட்டில் தனியாகப் போனவள். அந்தத் துணிவு தியாகி வடிவத்தில் தொலைந்துவிட்டது என்பது என் வருத்தம்.

இருபதாம் நூற்றாண்டு எழுத்தாளர்களுக்கும் அந்தத் துணிவு தெரிந்திருந்தது. லூ சூன் 1926இல் எழுதிய சிறுகதையில் ஹோ யி பழம்பெருமை பேசும் வில்லாளி. காட்டில் இருந்த விலங்கையெல்லாம் எய்து தீர்த்துவிட்டான், இப்போது காகம் மட்டுமே அகப்படுகிறது. நாள்தோறும் காகக் கறி நூடுல்ஸ் தின்று அலுத்துப்போன சாங்-இ கிளம்பிவிடுகிறாள். பெண் வேடத்தில் புகழ்பெற்ற மெய் லான்ஃபாங் 1915இல் அவளைப் பெய்ஜிங் ஓபரா மேடைக்குக் கொண்டுவந்தார். வழக்கமான ஓபரா உடையை விட்டுவிட்டுப் பழைய ஓவியங்களைப் பார்த்துப் புதிய உடையும் சிகையலங்காரமும் அமைத்தார். இன்று நீங்கள் மூன்கேக் பெட்டிகளில் பார்க்கும் நீண்ட ஆடை மிதக்கும் சாங்-இயின் தோற்றத்துக்கு இத்தகைய மேடை அழகு பெரிதும் துணைசெய்தது. 1957இல் மாவோ எழுதிய பாடலில், 1930இல் கொல்லப்பட்ட தன் மனைவி யாங் காய்ஹுய்யின் உயிரும் இன்னொரு தோழரின் உயிரும் நிலவை அடைகின்றன. வூ காங் குய் பூ மதுவோடு வரவேற்க, சாங்-இ அகன்ற சட்டைக்கைகளை விரித்து ஆடுகிறாள். கடவுள் நம்பிக்கை இல்லாத கட்சித் தலைவருக்கும் இறந்தவர்களை அனுப்பிவைக்க அந்த இடம்தான் தோன்றியது.

முயலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நமக்கும் சொந்தம். பௌத்த ஜாதகக் கதையில் முயல் ஒன்று விருந்தினனுக்காகத் தன்னையே தீயில் இட்டது, சக்கரன் (இந்திரன்) அதன் உருவை நிலவில் வரைந்தான். ஏழாம் நூற்றாண்டில் வந்த யுவான் சுவாங், வாரணாசிப் பகுதியில் இந்தக் கதைக்குரிய தூபியைக் கண்டதாக எழுதியிருக்கிறார். அகநானூற்றின் 141ஆம் பாடலும் நிறைமதியில் குறுமுயல் மறு தெரிவதைச் சொல்கிறது. ஆனால் சீன முயல் இந்தியாவிலிருந்து போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. மவாங்துய் திரை, சீனத்துக்குப் பௌத்தம் பரவுவதற்கு முந்தையது. அதே யுவான் சுவாங்கை நாயகனாக்கிய மிங் காலப் புனைவான ‘மேற்குப் பயணம்’ கதையில், நிலவிலிருந்து தப்பிய முயல் இந்திய அரசகுமாரியாக வேடமிட்டு அவரை மணக்கப் பார்க்கிறது. ‘தாயின்’ என்ற அந்த நிலவுத் தெய்வம், சாங்-இ உள்ளிட்ட தோழியருடன் இறங்கிவந்து முயலைத் திருப்பி அழைத்துப் போகிறது. ஜப்பானிலும் கொரியாவிலும் இதே முயல் மருந்துக்குப் பதில் அரிசி மாவு இடிக்கிறது. வியட்நாமில் சாங்-இயின் பெயர் ஹாங் ங்கா. பேரரசர் ஒருவரின் பெயரோடு மோதியதால் சீனர் கைவிட்ட அவளது பழைய பெயர் அங்கே பிழைத்திருக்கிறது.

கடைசியாக விண்கலம். 1969 ஜூலை 20 அன்று அப்பல்லோ 11 வீரர்களுக்கு ஹியூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் காலைச் செய்திகளை வாசித்தது. அதில் நாலாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழும் சீனப் பெண்ணையும் பெரிய முயலையும் தேடிப்பாருங்கள் என்று ஒரு செய்தி. கண்வைத்திருப்போம் என்று கலத்திலிருந்து பதில் வந்தது. சீனா தன் நிலவுத் திட்டத்துக்கு 2004இல் ஒப்புதல் தந்தபோது அவள் பெயரைத் தேர்ந்தது இயல்பானதுதான். சீனர் நினைவில் பூமியை விட்டு நிலவுக்குப் போன முதல் ஆள் அவள். களவு அங்கே பொருட்டே இல்லை, பயணம்தான் பொருட்டு.

சாங்-இ 1 கலம் 2007 அக்டோபர் 24இல் கிளம்பி நிலவைச் சுற்றியது. 2013 டிசம்பர் 14இல் சாங்-இ 3 தரையிறங்கியது. அதிலிருந்து இறங்கிய ஊர்திக்கு யூத்து, அதாவது பச்சைமணி முயல் என்று பெயர். இறங்கிய இடத்துக்கு அந்தக் குளிர் மாளிகையின் பெயரையே சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றது. சில வாரங்களில் யூத்து நகர முடியாமல் நின்றபோது சீன இணையத்தில் மக்கள் துக்கம் கொண்டாடினார்கள். 2019 ஜனவரி 3இல் சாங்-இ 4 நிலவின் மறுபக்கத்தில் இறங்கியது, அதுவரை எந்த நாடும் செய்யாதது. 2020இல் சாங்-இ 5 1,731 கிராம் நிலவு மண்ணும் பாறையும் கொண்டுவந்தது. அதில் கண்ட புதிய கனிமத்துக்கும் அவள் பெயர். 2024 ஜூனில் சாங்-இ 6 மறுபக்கத்திலிருந்து 1,935.3 கிராம் கொண்டுவந்தது. திரும்பி வர வழியில்லாமல் இருந்தவளின் பெயர் தாங்கிய கலங்கள் இப்போது போய்த் திரும்பி வருகின்றன என்பது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சி தருகிறது.

உங்கள் மகளுக்கு எதைச் சொல்வது? பள்ளியில் கேட்டதை மறுக்க வேண்டாம், இன்று சீனக் குடும்பங்கள் பலவற்றில் சொல்லப்படுவது அதுதான். அதோடு, இதைவிடப் பழைய கதை ஒன்று உண்டு, அதில் அவள் குறி பார்த்துவிட்டுத் தானாகவே எடுத்துக்கொண்டு போனாள், தேரையானாள் என்றும் சொல்லுங்கள். மவாங்துய் பட்டுத்திரையின் படத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், பிறையில் தேரையைச் சிறுவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். ஏன் திருடினாள் என்று மகள் கேட்டால், பழைய நூல் காரணம் சொல்லவில்லை என்ற உண்மையையே சொல்லிவிட்டு, அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள்.